அப்ரார் யார்கூட?

சயான் ஸ்டேஷனில் அபுதாஹிர் லோக்கல் ரயிலின் ஜெனரல் டப்பாவுக்கு ஓடினான். நஸீரா லேடீஸ் டப்பாவில் தொற்றிக்கொண்டாள். பம்பாய்க் கூட்டத்தில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஏற நினைத்தால் ரெண்டு பேருக்கும் வண்டி போய்விடும். ஏறியதும் அவன் போன் செய்வான். "ஏறிட்டியா? அப்ரார் யார்கூட?"

இன்று, "ஏறிட்டியா?" என்று மட்டும் கேட்டான். மிச்சத்தைக் கேட்டு ஒரு வருஷமாகிறது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போனார்கள். கடலோரப் பாறைமேல் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். படிகள் திருகித் திருகிப் போகும். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறமுடியும். அபுதாஹிர் முன்னால் போனான். முழங்கால் வலியோடு நஸீரா பின்னால் மெதுவாக ஏறினாள். பிள்ளை வாப்பாவோடு மேலே போகிறான் என்று அவள் நினைத்தாள். உம்மாவோடு கீழே வருகிறான் என்று அவன் நினைத்தான். ஆறு வயசு அப்ராரோ நண்டு பார்க்கப் பாறைக்குப் போய்விட்டான். கடல் அவனைத் திருப்பித் தரவேயில்லை.

அதன்பிறகு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவில்லை. சொல்லிச் சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. ஒரே ரூமுக்குள் வாய் திறக்காமல் புழங்கினார்கள். அந்தச் சின்னக் கையை ஒரே ஒரு தடவை பிடித்துவிட்டால் போதும் என்று நஸீராவுக்கு இருந்தது. அவள்தான் இன்று, "அங்க ஒருக்கா போயிட்டு வருவமா?" என்று கேட்டாள்.

கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் வெயில் எட்டவில்லை. உப்பும் பாசியும் கலந்த வாடை. அபுதாஹிரின் செருப்புச் சத்தம் மேலே போய்க்கொண்டிருந்தது.

அதோடு இன்னொரு சத்தம்.

வெறுங்கால். ஈரக்கால்.

நஸீரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க... உங்ககூட யாரு?"

மேலே செருப்பு நின்றது.

"நான் ஒத்தையிலதான் இருக்கேன். உன்கூட யாரு வாரா? கீழ ரெண்டு பேரு ஏறுத சத்தம் கேக்கு."

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்த படி நனைந்திருந்தது.

வலியை மறந்து மேலே ஓடினாள். உச்சியில், கடல் வெளிச்சத்தில், அவன் தனியாக நின்றான். அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நான் ஒருக்கா திரும்பிப் பாத்திருக்கலாம்லா, நஸீரா."

"நானும் ஒருக்கா பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்லா."

திரும்பும்போதும் கூட்டம் அவர்களைப் பிரித்துத்தான் ஏற்றியது. நஸீராவுக்கு ஓரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார வந்தவள் சீட்டைத் தொட்டுப் பார்த்து, "கீலா ஹை" என்று முகம் சுளித்து நகர்ந்தாள். சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

துப்பட்டா நுனியை யாரோ இழுத்தார்கள்.

குளிர்ந்த, சின்ன விரல்கள்.

நஸீரா குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவானோ என்று பயம். மெதுவாகக் கையைக் கொண்டுபோய் அந்த விரல்களைப் பொத்திக்கொண்டாள்.

போன் அடித்தது.

"நஸீரா, பயப்படாத, என்ன?" அபுதாஹிர் கிசுகிசுத்தான். "அப்ரார் என்கூடத்தான் இருக்கான். என் விரலப் புடிச்சிருக்கான்."

அவள் பிடியில் இருந்த கை இன்னும் இறுகியது.

"சயான் வந்துட்டு," என்றான் அவன். "நான் எறங்கல. கைய எப்படி விடுவேன்?"

வண்டி கிளம்பியது. அவளும் இறங்கவில்லை.