கரைவலையில் ஒரு கை!

டெலிபோன் அலறியது.

ஹப்ஸா எடுத்தாள். காதுக்குள் ஓர் ஆண் குரல் வீறிட்டது.

“தங்கச்சி...! வலை மடியில மையத்து! பொணம்!”

“ஆரு கதைக்கிற?”

“கல்முனை புடவைக்கட சாலிஹ்! சாய்ந்தமருதுக் கடக்கரையில நிக்கிறன். ஒங்கட இன்டநெட் சந்தையில மீராசாட வலைய எடுத்தேனே... அதுக்குள்ள இருந்து ஒரு கை நீட்டிக்கிட்டு இரிக்கி! பொம்பிளக் கை!”

“சாலிஹ் காக்கா, புடவைக் கடைக்காரருக்கு என்னத்துக்கு வலை?”

மறுமுனை முனகியது.

“வலை இல்ல... அதுல வாற மீன். இழுக்க முந்தியே ஐயாயிரத்துக்குப் பேசிட்டம். வாறதெல்லாம் வாங்கினவருக்கு! இப்ப மையத்தும் எனக்குத்தானா?”

ஹப்ஸா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அவள் தொடங்கியது ‘அலைச்சந்தை’. மருதமுனைப் பெண்கள் நெய்த சாரிகள் அதன் வழியாகத்தான் கொழும்புக்குப் போயின. அதன் முதல் விதி... குலுக்கல் கூடாது, மூடிய பார்சல் கூடாது, என்ன வருமென்று தெரியாத எதையும் விற்கக் கூடாது!

மீராசா வலையின் படத்தைப் போட்டு, ‘ஒருநாள் வாடகைக்கு’ என்று எழுதியிருந்தான். அவளும் நம்பிவிட்டாள்.

“பொலிசுக்குச் சொல்லியாச்சு தங்கச்சி!”

பொலிஸ்! ‘சூதாட்டம்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். சந்தைக்குப் பூட்டு! அத்தனை தறிக்காரிகளுக்கும் யார் பதில் சொல்வது?

ஸ்கூட்டர் பறந்தது.

கரையில் கூட்டம். இடுப்பளவு தண்ணீரில், கரையிலிருந்து இழுத்த வலையின் மடி பெரிய மூட்டையாக உப்பிக் கிடந்தது. மேலே... வெள்ளை வெளேரென்று ஒரு கை!

வலைக்காரன் மீராசா வழிமறித்தான்.

“கிட்டப் போகாத புள்ள! சாலிஹ் காக்கா, நீங்க கடைக்குப் போங்க. ஒங்கட ஐயாயிரத்தத் தாறன். பொலிசு, வழக்கு எல்லாம் நான் பாத்துக்கிறன்.”

“அல்லாஹ் ஒனக்கு நல்லருள் செய்யட்டும்!” சாலிஹ் சாரனைத் தூக்கிக் கட்டினார். ஓடத் தயார்!

ஹப்ஸா அந்தக் கையையே பார்த்தாள்.

சுனாமி ஓர் ஒழுங்கையின் வீடுகளை எடுத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கையை விட்டுவைத்தது. விட்டுவைத்தது அவளுடையதை. அதிர்ஷ்டக்காரி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் அவள் எழுந்து போய்விடுவாள். அதிர்ஷ்டத்துக்கு விலை போடக் கூடாது என்று அவள் விதி எழுதியது அதனால்தான். அப்போது சிநேகிதியைத் தேடி அலைந்தவள், கடல் திருப்பித் தந்த கைகளைப் பார்த்திருக்கிறாள்.

ஒன்றுகூட இத்தனை அழகாக இருந்ததில்லை!

தண்ணீரில் இறங்கினாள்.

“புள்ள! வேணாம்!”

பிடித்தாள். இழுத்தாள்.

கை கழன்று வந்தது!

கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. சாலிஹ் மட்டும் ஓடவில்லை. கண்களைச் சுருக்கினார்.

“அடேய்... அது நான் போன கிழமை கடைக்குப் பின்னால எறிஞ்ச, சாரி உடுத்துற பொம்மைட கை!”

“போன கிழமையே எடுத்து வெச்சிட்டீங்களா மீராசா காக்கா?” ஹப்ஸா சிரித்தாள். “இழுக்கக்குள்ள மடி பாரமா இருந்திச்சி. ஐயாயிரத்துக்கு லட்சம் பெறுமதியான மீன் போகுதே என்டு நெஞ்சு எரிஞ்சிச்சி. தோணியில போய் இந்தக் கையச் செருகிட்டீங்க. அவர் பயந்து ஓடினா மீன் ஒங்களுக்கு!”

“என்ன நடக்குது இஞ்ச?”

சார்ஜன்ட் அழகரெத்தினம்!

மீராசா முந்திக்கொண்டான். “ஒண்டுமில்ல சேர்! வியாபாரம் ஒண்டும் நடக்கல்ல. இந்தப் புள்ளைட சந்தையில வாறது தெரியாம விக்கிறது செல்லாது. விதி! அப்ப மீன் ஆருக்கு? எனக்கு!”

சாலிஹ் பதறினார். “தங்கச்சி, கள்ளனுக்கா மீன்? கதைங்க!”

ஹப்ஸா மீராசாவைப் பார்த்தாள். தன் விதியே திருடனுக்குக் குடை பிடிக்கிறது! இந்த ஒருமுறை மட்டும் வளைத்தால்...? வளைத்தால் அது விதியல்ல, அவளுடைய இஷ்டம்.

“ஓம். செல்லாது” என்றாள் மீராசாவிடம், மெதுவாக. “ஐயாயிரத்தைக் குடுங்க. வலையில வாறது ஒங்களுக்கு. இனி என்ட சந்தைப் பக்கம் தலை வெச்சிம் படுக்கப்படாது.”

“அப்ப இது சூது வழக்கு இல்ல?” சார்ஜன்ட் கேட்டார்.

“விக்கவே இல்லையே சேர்!” என்றான் மீராசா, காசை எண்ணிக் கொடுத்தபடி.

மடியைக் கரைக்கு இழுத்து அவிழ்த்தார்கள்.

மீராசாவின் சிரிப்பு உறைந்தது!

மீன் இல்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை! மடி நிறைய, கண்ணாடிக் களிபோல்... தொட்டால் அரிக்கும் ‘ஜெல்லிஃபிஷ்’ சொறிமுட்டைகள்!

“சேர்! வித்ததுதான் சேர்! வித்தது வித்ததுதான்! சாலிஹ் காக்கா, எடுத்துட்டுப் போங்க!”

“சூது ஹறாம்டா!” சாலிஹ் காசைச் சாரன் இடுப்பில் செருகினார்.

சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்தார். “வித்தது என்டா சொல்லும். எழுதுறன்.”

“இல்ல சேர்... விக்கல்ல.” மீராசா மணலில் பொத்தென்று குந்தினான். “ஹப்ஸா புள்ள... இதையெல்லாம் நான் என்ன செய்யிற?”

“கடலுக்கே திருப்பி அனுப்புங்க காக்கா” என்றாள் ஹப்ஸா, ஸ்கூட்டரை உதைத்தபடி. “பில் கேக்காமத் திருப்பி எடுக்கிற கடை அது ஒண்டுதான்!”