கோட்டைச் சுவருக்கு வைத்த சோறு

எனக்கு அந்தக் கோட்டையைப் பார்க்கவே ஆசையில்லை. ஓசூர் கம்பெனியில என் வீட்டுக்காரர் மாதேஷை ட்ரெய்னிங்குக்கு ஜப்பான் அனுப்பினாங்க, கூடவே நானும் போனேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு வயித்துல தங்கின புள்ளை. ரூம்ல கால் நீட்டிப் படுத்தா போதும்னு இருந்தேன். "லீவு நாள்லயும் இப்படியா கிடப்ப? வா ராஜாத்தி"ன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு.

மலை மேல, கறுப்புப் பலகை அடிச்ச கோட்டை. செருப்பைக் கழட்டிப் பையில போட்டுக் கையிலயே தூக்கிட்டுப் போகணும். உள்ளே ஏணி மாதிரி படி, மட்கின மரவாடை. அங்கிருந்த போர்டுக்கு நேரா போனைக் காட்டி அவரு படிச்சாரு. எதிரி சுத்தி வளைச்சா பட்டினி கிடக்கக் கூடாதுன்னு, தரைப்பாயையே காய்ஞ்ச சேப்பங்கிழங்குத் தண்டுல பின்னி வச்சிருந்தாங்களாம். ஒரு தடவை நிஜமாவே வளைச்சுட்டாங்க. பாயைத் தின்னாங்க, குதிரையைத் தின்னாங்க. அதுக்கப்புறம் என்ன தின்னாங்கன்னு அவரு படிக்காம போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.

"மாசமா இருக்கிறவளைக் கூட்டிட்டு வர நல்ல இடம் பார்த்தீங்க!"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அன்னிக்கு அமாவாசை. மாமனார் செத்துப் போனதுல இருந்து அமாவாசைன்னா காக்காய்க்கு வைக்காம நான் வாயில பருக்கை வச்சதில்லை. வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து, கட்டிட்டு வந்த சோத்து டப்பாவைத் திறந்தேன். பருப்புச் சோத்துல ஒரு பிடி உருட்டிக் கல்லு மேல வச்சேன். ஊரெல்லாம் காக்கா கத்துது, அங்கே மட்டும் ஒன்னுகூட இல்லை.

"வரலைன்னா விடு. புள்ளைக்காவது சாப்பிடு"ன்னாரு.

"சும்மா இருங்க, உங்கப்பா பசியோட நிப்பாரு."

மாமனார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாதில்லையா? பேர் சொல்லாம, "வாங்க மாமா, வந்து சாப்பிடுங்க"ன்னு சத்தமா கூப்பிட்டேன்.

ஊறுகாயை எடுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தா, சோறு இல்லை.

கல்லு ஈரமா இருந்துச்சு. நக்கின ஈரம்.

மாமாதான் வந்துட்டாருன்னு சந்தோஷமா இன்னொரு பிடி வச்சேன். பைத்தியக்காரி நான்! இந்தத் தடவை கண்ணெடுக்காம பார்த்தேன். கல் இடுக்குல இருந்து விரல் நீண்டுச்சு. எலும்பு மேல வெறும் தோல்.

பக்கத்து இடுக்குல இன்னொரு கை.

அப்புறம் சுவர் முழுக்க.

"ஏங்க..."ன்னு சுவரைக் காட்டினேன். அவரு கண்ணுக்கு ஒன்னும் தெரியலை. டப்பாவை வீசிட்டு, அவரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மலை இறங்கினேன். பட்டினி கிடந்த வாய் நாத்தம் கழுத்துக்குப் பின்னாலயே வந்துச்சு.

ஓசூருக்குத் திரும்பி மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வந்தப்புறம் நாலு ஆள் சோத்தை ஒத்தையா தின்னேன். உடம்பு மட்டும் இளைச்சுக்கிட்டே போச்சு. மொட்டைமாடியில சோறு வச்சா காக்கா வட்டமடிக்கும், இறங்காது. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பேர் சொல்லாம மாமான்னு கூப்பிட்டா, பசிச்சவன் எவன் வேணா வருவான். கூப்பிட்டுச் சோறும் போட்டுட்டேன். இனி அதுங்களுக்கு நான்தானே மருமக.

பயம் போய் ஆத்திரம் வந்துச்சு. தட்டுக்கு முன்னால உட்கார்ந்து, "என் புள்ளை சோத்துல கை வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்!"ன்னு கத்தினேன். இனி ஒரு பருக்கை கிடையாதுன்னு மாடிக் கதவைப் பூட்டினேன்.

அதோட அந்தப் பேய்ப்பசி நின்னுச்சு. உடம்பு தேறுச்சு, வயிறும் நல்லா பெருசாச்சு. அப்பாடான்னு ஸ்கேன் எடுக்கப் போனோம்.

டாக்டரம்மா என் வயித்து மேல கருவியை நகர்த்தினாங்க. பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாங்க. மறுபடி திரையைப் பார்த்தாங்க.

"முன்னாடி ஒரு குழந்தைன்னுதானேம்மா போட்டிருக்கு?"

"ஒன்னுதான் மேடம்."

திரையை என் பக்கம் திருப்பினாங்க. ஓரத்துல என் புள்ளை, வத்திப்போய்ச் சுருண்டு கிடந்துச்சு. அதை இறுக்கிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பெருசா இன்னொன்னு.

அது வாயைத் திறந்தப்ப, பல்லு தெரிஞ்சுச்சு.