இன்னொரு கை இருக்கு!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

மாத்தளையில் வக்கீல் தொழில் பார்க்கும் புரொக்டர் ஜவாஹிர் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ?"

"அந்தத் தையல்காரி அங்கதானே இருக்கா?"

ஆண் குரல். வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசுகிற குரல்.

"யார் பேசுறது?"

"வழக்கு கிழக்குன்னு போட்டான்னா... அவளுக்கு இன்னொரு கை இருக்கு. ஞாபகம் வச்சுக்கச் சொல்லு!"

டக்!

ஜவாஹிர் எதிர் நாற்காலியைப் பார்த்தார். அங்கே இராஜகுமாரி உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது. வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

"யாருன்னு கேக்கல்லையே, புள்ள?"

"கேக்கணுமா, ஐயா?"

கேட்கத் தேவையில்லைதான்!

இரண்டு வருஷத்துக்கு முன், 1962 மாசி. கோயில் தேருக்கு இரண்டு நாள் இருந்தது. தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். மாலை ஆறு மணி. மழை இருட்டு. கொக்கோ ஸ்டோருக்குப் பின்னால் உள்ள சந்து.

ஒரு கை அவள் பின்னலைப் பற்றி இழுத்தது.

"பஸ் கண்டக்டரைக் கட்டிக்கப் போறியாமே? எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கக் கூடாது!"

கொக்கோ வெட்டும் கத்தி மின்னியது. முகத்தை மறைத்தாள். கையில் விழுந்தது!

முகம் தப்பியது. நான்கு விரல்கள் தப்பவில்லை. கண்டக்டரின் வீட்டார் அடுத்த மாதமே வேறு பெண் பார்த்தார்கள்.

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மிளகு, கராம்பு வியாபாரி சண்முகராஜா. ஒரு வருஷமாக அவளைச் சுற்றிச் சுற்றி வந்த மனிதர்.

கண்டியில் ஜூரி வழக்கு நடந்தது. பக்கத்து ஊரான பல்லேபொலயில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் மரகதம் கூண்டில் ஏறினாள். "அந்த நேரம் முதலாளி என் வீட்டுல இருந்தாரு" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

ஜூரி நம்பியது. மானம் போகிற மாதிரி யார் பொய் சொல்வார்கள்?

சண்முகராஜா விடுதலை!

"இப்ப கேளு, புள்ள," என்றார் ஜவாஹிர். "விடுதலையான ஆளு மேல திரும்ப வழக்கான்னு ஊரு கேக்கும். கேக்கட்டும். அது அரசாங்கம் போட்ட வழக்கு. இது நீ போடுற வழக்கு. உன் கை... உன் தொழில்... அதுக்கு நட்டஈடு. அங்க கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் எதிரி தப்பிப்பான். இங்க ரெண்டு பேர் கதையில எது கூடுதலா நம்பக்கூடியதோ, அதுக்குத்தான் தீர்ப்பு."

"அப்ப போடுங்க."

"ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இன்னும் நாலே நாள் இருக்கு. ஆனா புதுசா ஒரு சாட்சி கூட இல்லையே!"

"புதுசா வேணாம், ஐயா. அந்தப் பழைய கதையையே திரும்பச் சொல்லட்டும். ஆனா மாத்தளையில சொல்லணும். தமிழ்ல சொல்லணும். சத்தமாச் சொல்லணும்!"

ஜவாஹிர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்?"

"முதலாளியம்மா ராசம்மா அக்காவுக்கு ஒம்பது வருஷமா ரவிக்கை தைச்சேன். ஒருநாள் முதலாளி சட்டையில பட்டன் ஒண்ணு தொங்கிக்கிட்டிருந்திச்சி. தைச்சுக் குடுத்தேன். அக்கா என் கண்ணு முன்னாலயே அந்த நூலைப் பல்லால கடிச்சுப் பிச்சாங்க. அவங்களே திரும்பத் தைச்சாங்க."

"பட்டனுக்கே பொறாமையா?"

"நூலுக்கு, ஐயா. நான் தொட்ட நூலு!"

"மரகதம் கதை அவங்களுக்குத் தெரியாதா?"

"ஊருக்கே தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. கண்டித் தீர்ப்பு வந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்த பேப்பர் அத்தனையும் முதலாளியே வாங்கிட்டாரு. பொம்பளைங்க யாரும் போய்ச் சொல்ல மாட்டாங்க. சொன்னா, 'அவரைப் பத்தி உனக்கெப்படித் தெரியும்?'னு அவ முடியைப் பிடிப்பாங்க!"

ஜவாஹிர் பேனாவைத் திறந்தார்.

ஒரு வருஷம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது.

அதற்கு முந்தைய நாள் சண்முகராஜா வீட்டுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. கையெழுத்து இல்லை. எழுத்துகள் நண்டு ஊர்ந்த மாதிரி கோணல்மாணலாக இருந்தன.

'நாளைக்கு உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு பொம்பளை கோர்ட்டுல பேசப் போறா.'

ராசம்மா அதை மூன்று முறை படித்தாள். மடித்து இடுப்பில் செருகினாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதுதான் ஆபத்து!

மறுநாள்... மாத்தளை நீதிமன்றம்.

இராஜகுமாரி சாட்சி சொல்லி முடித்தாள். எதிர்த் தரப்புக்குக் கண்டியிலிருந்து வந்த அட்வகேட் சிரித்துக்கொண்டே எழுந்தார். மரகதத்தைக் கூப்பிட்டார். நாற்பது வயது. பச்சைப் பட்டு. காதில் புதுத் தோடு.

"அன்று சண்முகராஜா எங்கே இருந்தார்?"

"என் வீட்டுலதான், ஐயா. சாயந்தரம் அஞ்சு மணிக்கு வந்தாரு. எட்டு மணி பஸ்ஸுலதான் போனாரு."

"மூன்று மணி நேரம் என்ன செய்தார்?"

மரகதம் வெட்கப்பட்டாள். கண்டியில் பட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வெட்கப்பட்டாள்.

"பேசிக்கிட்டிருந்தாரு... கோப்பி போட்டுக் குடுத்தேன். 'உன் கையால குடிச்சாத்தான் கோப்பி கோப்பியா இருக்கு'ன்னாரு..."

"பொய்!"

பின்வரிசையிலிருந்து வந்தது அந்த அலறல்!

எல்லாத் தலைகளும் திரும்பின. முக்காட்டை இழுத்து எறிந்துவிட்டு ராசம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என் கையாலயே சீனி போதாதுன்னு மூஞ்சியைச் சுழிக்கிற மனுஷன்! இவ கோப்பியைக் குடிச்சாராமே!"

சண்முகராஜாவின் முகம் சாம்பலாகியது.

"ராசம்மா... நீ வீட்டுக்குப் போ..."

"போறேன்! நீங்க அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு சொல்லிட்டுப் போறேன்!"

ஜவாஹிர் துள்ளி எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே! இந்த அம்மாவைச் சாட்சியாக அழைக்க அனுமதி வேண்டும்!"

"ஆட்சேபிக்கிறேன்!" என்று கத்தினார் அட்வகேட். "புருஷனுக்கு எதிராக மனைவியா?"

"கண்டியில் நடந்தது குற்ற வழக்கு. அங்கே அரசாங்கத் தரப்பு இந்த அம்மாவை அழைத்திருக்க முடியாது. இது சிவில் வழக்கு. சட்டம் தடுக்கவில்லை!"

நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"சாட்சி சொல்லலாம். ஆனால் கணவர் உங்களிடம் சொன்னதைச் சொல்லக் கூடாது. நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்."

ராசம்மா கூண்டில் ஏறினாள். மரகதத்தின் தோட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு வந்தாருங்க, அம்மா?" ஜவாஹிர் மெல்லக் கேட்டார்.

"ஆறரைக்கு. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வாசல்ல நின்னேன். தினமும் நிப்பேன்."

"வந்ததும்?"

"சட்டையைக் கழட்டச் சொல்லி மோந்து பாத்தேன்."

நீதிமன்றமே சிரித்தது. ராசம்மா சிரிக்கவில்லை.

"எதுக்கும்மா?"

"தினமும் பாப்பேன். மிளகு, கராம்பு மணம் இருக்கலாம். வேற எந்த மணமும் இருக்கக் கூடாது."

"அன்னைக்கு என்ன இருந்திச்சி?"

"மழைத் தண்ணி. ரத்தம்."

சிரிப்பு நின்றது.

"ரத்தம் யாருதுன்னு நீங்க கேக்கல்லையா?"

"அதை நான் ஏன் கேக்கணும்? பட்டன்ல ஒரு பொம்பளை முடி சுத்தியிருந்திச்சி. மூணு முழம்! அந்த முடி யாருதுன்னுதான் கேட்டேன். அதுக்கு அவரு சொன்னாரு..."

"சொல்லக் கூடாது!" என்றார் நீதிபதி.

"நம்பவே முடியாத பொய், ஐயா!"

"அதையும் சொல்லக் கூடாது!"

ராசம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மறுநாள் காலையில இராஜகுமாரியை யாரோ வெட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்பத்தான் எனக்கு நிம்மதி வந்திச்சி."

"நிம்மதியா?"

"ஆமா. வெட்டத்தானே முடியைப் பிடிச்சிருக்காரு! கொஞ்சுறதுக்கு இல்லையே!"

இராஜகுமாரி கண்களை மூடிக்கொண்டாள். மூன்று வருஷம்! நான்கு தெரு தள்ளி ஒருத்திக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது.

ஜவாஹிர் கூண்டை நெருங்கினார்.

"அந்தச் சட்டை..."

"இருக்கு. கழுவல்ல. முடியோட பிஸ்கட் டின்னுல போட்டு அலுமாரிக்குள்ள வச்சிருக்கேன். ஆம்பளை ஒருநாள் ஆட்டம் போட்டா இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு வேணாமா?"

சண்முகராஜா கதவைப் பார்த்தார். எழுந்தார். ஓடினார்!

"ஓடட்டும், ஐயா," என்றாள் ராசம்மா. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினாள். "சாவி இங்க இருக்கு!"

நீதிபதி ஒரு அதிகாரியை அவளுடன் அனுப்பினார். அவர்கள் போனபோது சண்முகராஜா அலுமாரிக் கதவை அலவாங்குக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார். அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

டின் நீதிபதியின் மேசைக்கு வந்தது. நீலக் கோடு போட்ட சட்டை. கறுத்துப்போன கறை. இரண்டாவது பட்டனில் சுற்றியிருந்த நீளமான ஒற்றை முடி. நீதிபதி இராஜகுமாரியின் பின்னலைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் எழுதினார்.

அட்வகேட் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் கணவருக்கு நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று புரிகிறதா, அம்மா?"

"நல்லாப் புரியுது. கத்தியால வெட்டினவனுக்குப் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். இந்தத் தோட்டுக்காரிக்குச் சக்களத்தியா இருக்க மாட்டேன்!"

தோட்டுக்காரி அங்கே இல்லை. தம்புள்ள பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

தீர்ப்பு வந்தது. வெட்டியது சண்முகராஜாதான். நட்டஈடு கொடுக்க வேண்டும். அதற்காக அவருடைய மிளகு ஸ்டோர் ஏலத்துக்குப் போனது.

ஏலம் முடிந்த அன்று சாயந்தரம் இராஜகுமாரி நன்றி சொல்ல வந்திருந்தாள். கையைத் தலைப்புக்குள் மறைக்கவில்லை. மேசை மேல் வைத்திருந்தாள்.

"அந்த விரல்கள் வராது, புள்ள," என்றார் ஜவாஹிர்.

"வராது, ஐயா. ஆனா இனிமே யாரும் என்னைப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்க."

ட்ரிங்... ட்ரிங்...!

"ஹலோ?"

"ஐயா... நான்... சண்முகராஜா."

அதே குரல். துணி இல்லை. நடுக்கம் இருந்தது.

"சொல்லுங்க, முதலாளி."

"ஒரே ஒரு கேள்வி, ஐயா. நான்தான் வெட்டினேன்னு இப்ப பொலிசுல போய் ஒத்துக்கிட்டா... என்னை உள்ள போடுவாங்களா?"

ஜவாஹிர் ரிசீவரை ஒரு கணம் பார்த்தார்.

"ஏன் முதலாளி?"

"வீட்டுல இருக்க முடியல்ல, ஐயா! மரகதம் எனக்கு யாருமே இல்லைன்னு சத்தியம் பண்ணினேன். 'அன்னைக்கு நீங்க அவ வீட்டுல இல்லைன்னு நான்தானே சொன்னேன். மத்த நாள்ல எங்க இருந்தீங்க?'ன்னு கேக்குறா! விடிஞ்சதுலேருந்து கேக்குறா! மூணு வருஷத்துக்கும் நாள் நாளாக் கணக்குச் சொல்லணுமாம்!"

"கஷ்டம்தான். ஆனா கண்டியில விடுதலை பண்ணிட்டாங்களே! ஒரே குற்றத்துக்கு ரெண்டு தரம் விசாரிக்க மாட்டாங்க. சட்டப்படி நீங்க வீட்டுலதான் இருக்கணும்."

மறுமுனையில் ஒரு விம்மல்.

"அவளுக்கு வந்த கார்டைக் காட்டினா, ஐயா. அதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா... நண்டு மாதிரி எழுத்து! யாரு, ஐயா, எழுதினது?"

ஜவாஹிர் மெல்ல நிமிர்ந்தார். எதிரே பார்த்தார்.

சற்று முன் ரசீதில் கோணலாகக் கையெழுத்துப் போட்ட இராஜகுமாரியின் இடது கை விரல்களில் மை படிந்திருந்தது. அவள் சிரித்தாள். ரிசீவரை வாங்கினாள்.

"இன்னொரு கை இருக்குன்னு நீங்கதானே ஞாபகப்படுத்தினீங்க, முதலாளி!"