உப்பை மட்டும் விட்டுவிட்டு

அந்த மதியம் வீட்டில் இருந்தவர்கள்:

பட்டாசுக் கம்பெனி முதலாளி இசக்கிப்பாண்டி. அவர் மனைவி பாண்டிலட்சுமி. மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் ரோஷினி. மீன் தொட்டி ரிப்பேர் பார்க்கப் போன நான், ஆசிக்.

இன்னொருத்தியும் இருந்தாள். அவளைப் போன மாதமே புதைத்திருந்தார்கள்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற சாலையில் தனியாக நிற்கும் வீடு அது. ஹாலுக்கும் பின்னால் உள்ள சின்ன அறைக்கும் நடுச்சுவரில் அந்தக் கடல் மீன் தொட்டியைப் பதித்தவன் நான்தான். அச்சகத்தில் நைட் ஷிப்ட் பிடிக்காமல் ஓடிவந்து, மீன் தொழிலில் இறங்கிய புதிதில் செய்தது. ஹாலில் நின்றால் தண்ணீர் வழியாகப் பின்னறை தெரியும்.

கடல் மீன் தொட்டியில் ஒரு தொல்லை உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பு ஏறி மீன் செத்துவிடும். அதற்காகத் தொட்டியில் ஒரு மிதவை வைத்திருந்தேன். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், மோட்டார் ஓடும், பின்னறை டிரம்மில் இருக்கும் நல்ல தண்ணீர் தொட்டிக்கு ஏறும். மட்டம் சரியானதும் நின்றுவிடும். ஒரு டிரம் ஒரு வாரத்துக்குக் காணும்.

இப்போது ஒரு காலைப்பொழுதுக்குக்கூடப் போதவில்லை என்று போனில் சொன்னார் இசக்கிப்பாண்டி. மோட்டார் நிற்கவே கூடாது, எவ்வளவு செலவானாலும் சரி என்றார். மீனுக்காக இப்படிப் பதறுகிற ஆள் இல்லை அவர்.

நான் போனபோது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. ஊர் முழுக்க கரண்ட் இல்லை. வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரில் மோட்டார் மட்டும் ஓடியது.

பின்னறைக்கு இரும்புக் கதவு. கம்பெனி ஷெட்டுக்குக் கதவு செய்தவரிடமே செய்து வாங்கியது. வெளியே மட்டும்தான் கொண்டி. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டு, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் அந்தப் பூட்டைக் கொண்டியிலேயே தொங்கவிட்டார் இசக்கிப்பாண்டி. உள்ளே வரவில்லை.

"நீ போய்ப் பாருலே. நான் இங்கன நிக்கேன்."

தரை காய்ந்து கிடந்தது. குழாயில் கசிவு இல்லை. உப்பு அளக்கும் மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். உப்பு இம்மிகூட மாறவில்லை. தண்ணீர் ஒழுகியிருந்தால் உப்பும் கூடவே போயிருக்கும். இங்கே உப்பை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் போயிருக்கிறது.

தொட்டியின் மேல் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் ஓரிடம் மட்டும் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

ஒரு வாய் அகலம்.

அந்த இடத்தில் கந்தக வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. முடி கருகினால் வருமே, அது.

வெளியே வந்தேன். ஹாலில் பாயில் ரோஷினி படுத்திருந்தாள். உதடு வெடித்து, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பாண்டிலட்சுமி செம்பைச் சாய்த்துச் சாய்த்துப் புகட்டிக்கொண்டிருந்தார். குழந்தை குடித்தது. குடித்தும் உதடு நனையவில்லை.

மதுரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியாகிவிட்டதாம். ஒரு நோயும் இல்லை என்கிறார்களாம். டிரம்மில் தண்ணீர் நிறைந்திருந்தால் எழுந்து விளையாடுகிறாள், குறையக் குறையக் காய்ந்துபோகிறாள் என்று பாண்டிலட்சுமி என் காதோடு சொன்னார்.

"இது அழகுமீனாதான் தம்பி. குடிக்கட்டும். தொட்டித் தண்ணி தீந்துட்டா எம்புள்ளகிட்ட வந்துருதா."

அழகுமீனாவை எனக்குத் தெரியாது. போன மாதம் நடந்த விபத்து தெரியும். மற்றதைப் பாண்டிலட்சுமி சொன்னார். தாயில்பட்டிப் பக்கம் இவர்களுடைய பட்டாசு ஷெட். சீசன் ஆர்டருக்காக அளவுக்கு மேல் ஆள் உட்கார்ந்திருந்த சமயம், சோதனைக்கு ஜீப் வருகிறதென்று போன் வந்திருக்கிறது. இசக்கிப்பாண்டி ஷெட்டை வெளியே பூட்டச் சொல்லியிருக்கிறார். பூட்டிக் கிடந்தால் லீவு என்று ஜீப் போய்விடும். உள்ளே இருப்பவர்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தால் போதும். ஜீப் போவதற்குள் வெயிலில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. கதவிடுக்கில் விரல்கள் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அழகுமீனா மட்டும் சுவர் இடிந்த வழியாக உயிரோடு வெளியே வந்து, மண்ணில் கிடந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். யாரோ கொண்டுவந்த குடத்தை இசக்கிப்பாண்டி காலால் எத்திவிட்டாராம்.

இவ்வளவையும் பாண்டிலட்சுமி குசுகுசுவென்றுதான் சொன்னார். ஆனாலும் இசக்கிப்பாண்டிக்குக் கேட்டுவிட்டது.

வந்த வேகத்தில் அவர் மனைவியின் வாயிலேயே அறைந்தார். கையில் இருந்த செம்பைப் பிடுங்கி மறுபடி அடித்தார். நெற்றி கிழிந்து ரத்தம் பாயில் சொட்டியது. குறுக்கே போன என்னைச் சுவரோடு மோதினார். எனக்குப் பல் ஒன்று ஆடியது.

"தீப்பட்டவளுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும்டி. ஊரே சொல்லும். கேட்டுப் பாரு."

பாண்டிலட்சுமி ரத்தத்தைத் துடைக்கவில்லை.

"தண்ணி குடுத்தா உசுரு போயிரும்னீக. சாவியக் குடுத்திருந்தா என்ன போயிருக்கும்?"

அவர் மறுபடி கையை ஓங்கினார்.

மோட்டார் நின்றது.

இன்வெர்ட்டர் ஒரு கூவல் கூவி அணைந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் தொட்டியைப் பார்த்தோம்.

மட்டம் இறங்கியது. கண்முன்னால் இறங்கியது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நாய் குடிப்பதுபோல, மூச்சு வாங்க இடம் விடாமல். மீன்கள் மணலில் விழுந்து துடித்தன. கண்ணாடியில் உப்பு மட்டும் கோடு கோடாகத் தங்கியது.

பாயில் ரோஷினியின் முதுகு வில்லாக வளைந்தது. கன்னம் உள்ளே போனது. வாயைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

"மொதலாளி... தண்ணி."

அது அவள் குரல் இல்லை.

இசக்கிப்பாண்டி என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்னறைக்குள் தள்ளினார். கையால் மொண்டாவது ஊற்றச் சொல்லிக் கத்தினார். டிரம்மின் அடியில் கொஞ்சம் கிடந்தது. கையை விட்டேன்.

என் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்தது.

கொதிக்கிற இரும்பு மாதிரி இருந்தது. தோல் பொரிகிற சத்தத்தை நானே கேட்டேன். உதறிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். மணிக்கட்டில் விரல் விரலாகக் கொப்பளம் எழும்பியது. பெண்பிள்ளை விரல். மெல்லிசு.

"என்ட்ட இல்லை அண்ணாச்சி. உங்ககிட்டதான் கேக்கா."

ரோஷினிக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உதடு பிளந்த இடத்தில் ரத்தம்கூட வரவில்லை, காய்ந்திருந்தது. பாண்டிலட்சுமி பிள்ளையை மடியில் அள்ளிக்கொண்டு, அடுப்படியில் இருந்த குடத்தைக் கண்ணால் காட்டினார்.

"நீங்க கொண்டு குடுங்க. உங்க கையால."

இசக்கிப்பாண்டி அதைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போனார். தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. வற்றிய தொட்டியின் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். அறையின் நடுவில் மண்டியிட்டார். குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் தரைக்கு வரவில்லை. பாதிக் காற்றிலேயே காணாமல் போனது. முழுக்குடமும்.

என் அருகில் ரோஷினி இருமினாள். உதடு ஈரமாக இருந்தது. "அம்மா" என்றாள். அவள் குரல்தான்.

இசக்கிப்பாண்டி அதைக் கேட்டார். சிரித்தார். அழுதார் என்றும் சொல்லலாம். எழுந்து திரும்பினார்.

அவர் தலைமுடியைப் பிடித்து யாரோ கண்ணாடியில் மோதினார்கள்.

கண்ணாடி விரிந்தது. மறுபடி. மூக்கு உடைந்து, ரத்தம் உப்பின் மேல் வழிந்தது. மறுபடி. அவர் உதடு கண்ணாடியோடு அப்பிக்கொண்டது, கன்னம் குழிந்தது, கண் வறண்டு சுருங்கியது. பிய்த்துக்கொண்டபோது உதட்டுத் தோல் கண்ணாடியிலேயே தங்கியது. தவழ்ந்து கதவுப் பக்கம் போனார். இடுக்கில் விரல்கள் வெளியே வந்தன.

"தண்ணி" என்றார். "லட்சுமி, தண்ணி."

பாண்டிலட்சுமி மகளின் காதுகளைப் பொத்தினார்.

கரண்ட் இல்லை. ஆனால் உள்ளே மோட்டார் ஓடத் தொடங்கியது.

கதவுப் பக்கம் யாரும் இல்லை. இரும்புக் கதவு, அவசரம் இல்லாமல், விரல்களின் மேலேயே சாத்திக்கொண்டது. எலும்பு முறிந்தது. விரல்கள் உள்ளே போயின. கொண்டி தானாக நகர்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த பூட்டு அதில் ஏறி, யாரோ அமுக்கியதுபோல் பூட்டிக்கொண்டது.

சாவி உள்ளே, அவர் இடுப்பில் இருந்தது.