அவள் சொல்லாத ஆமென்

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மருமகளான தையல்காரி இன்னும் ஆமென் சொல்லவில்லை.

அந்த வீட்டுக் குடும்ப ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது. எல்லோரும் ஆமென் சொல்லும்வரை கண் திறக்கவும் கூடாது. சொல்லிவிட்டால் அது கர்த்தருடைய சித்தம். அப்புறம் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இப்படித்தான் அவள் கணவன் ஆரம்பித்த வாத்துப் பண்ணைக்கு ஆமென் சொன்னாள். வாத்துகள் பக்கத்து வீட்டுக் குளியலறையில் குடியேறின. காளான் வளர்ப்புக்கும் சொன்னாள். அது படுக்கையறைச் சுவரில் மட்டும் நன்றாக முளைத்தது. இரண்டு தடவையும் வீட்டில் சோற்றுக்கு உலை வைத்தது அவளுடைய தையல் மிஷின்தான்.

இன்றைக்கு அந்த மிஷினுக்கே உலை. பஸ் மெக்கானிக்கான அவள் கணவன் உருக்கமாக ஜெபித்திருந்தான். "வேலைய விட்டுட்டு வேன் வாங்கி, ஊர் ஊரா போய் உம்ம வசனத்தச் சொல்லச் சொன்னீரே, ஸ்தோத்திரம். மிஷின வாங்க இப்ப ஆள் வருவாரு, அதுக்கும் ஸ்தோத்திரம்."

மாமியார்தான் முதலில் பொறுமை இழந்தாள். மருமகளிடம் நேராகக் கேட்க முடியாது, ஜெபம் நடக்கிறதே. "ஆண்டவரே, இவ மனசுல என்ன இருக்குன்னு வாயத் திறந்து சொல்லச் சொல்லும். பால் வேற தீயுது."

இத்தனை வருஷத்தில் குடும்ப ஜெபத்தில் அவள் குரல் கேட்டதே இல்லை. இப்போது நடுங்கிக்கொண்டு வந்தது.

"ஆண்டவரே... கடைத்தெருவுல ஒரு சின்ன ரூம் வாடகைக்கு வருது. தையல் கடை வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இது உம்ம சித்தமா, என் பேராசையான்னு எனக்குத் தெரியல. வேண்டாம்னா தடுத்துடும். ஆனா அத நீரே சொல்லும். ஒவ்வொரு தடவையும் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

கண்ணீர் மடியில் சொட்டியது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மாமியார் தொண்டையைச் செருமினாள். சரி, இன்றைக்கு மாட்டினோம் என்று மருமகள் நினைத்தாள்.

"ஆண்டவரே, வாத்து வாங்கச் சொன்னது நீர் இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். புள்ள மனசு நோகக் கூடாதுன்னு உம்ம தலையில பழியப் போட்டு ஆமென் சொல்லிட்டேன். இவ உழைப்புல சாப்பிட்டுட்டு இவளையே குத்திக் காட்டுனேன். என்னை மன்னியும்."

"அம்மா, ஜெபத்துல போய்..."

"குறுக்க பேசாதடா, ஜெபம் நடக்குது. ஆண்டவரே, இவன் உம்மகிட்ட எதையும் கேட்டதே இல்ல. முடிவு பண்ணிட்டு வந்து தகவல் சொல்றான். உமக்கும் எங்களுக்கும் ஒரே கதிதான்."

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். மெக்கானிக் ஆமென் இல்லாமலே எழுந்து போனான். கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு தலை குனிந்து நின்றான். ஆண்டவரிடம் ஏதோ கேட்கிறான் என்று அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இந்த முறை பதிலுக்கும் காத்திருந்தான். பிறகு திறந்தான்.

"மிஷின் வாங்க வந்தேங்க."

"மன்னிச்சுக்குங்க. அது என்னுது இல்லீங்க, அவளுது. அவளக் கேக்காமலே வரச் சொல்லிட்டேன்."

உள்ளே மாமியார் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள். கண்ணை மட்டும் இன்னும் மூடியே வைத்திருந்தார்கள்.