வாகைக் கட்டில்

செத்த மரத்தின் கோடு ஏறியிருந்தது.

சகாய பிரியா மடிக்கணினித் திரையை மறுபடி பார்த்தாள். பெருமுக்கல் மலையடிக் காட்டில் ஐந்து மரங்களுக்கு எஃகுப் பட்டை கட்டியிருந்தாள். மரம் தண்ணீர் குடித்துப் பருப்பதையும் காய்ந்து சுருங்குவதையும் அவை மயிரிழைத் துல்லியமாக அளந்து அனுப்பும். ஆறாவது பட்டை மட்டும் திண்டிவனத்து வீட்டில், அப்பா படுத்திருக்கும் கட்டிலின் காலில். உயிரில்லாத கட்டையில் கோடு அசையாமல் ஓடினால்தான் மற்ற ஐந்தையும் யாரும் நம்புவார்கள். வெளிநாட்டில் முனைவர் படிப்புக்கான இடம் அந்த நம்பிக்கையில்தான் தொங்கியது. இன்று சாயங்காலம் நேர்காணல்.

பட்டையை மாற்றியும் பார்த்துவிட்டாள். அப்போதும் ஏறியது.

கட்டிலடியில் குனிந்தாள். தரை வறண்டு கிடந்தது. ஆனாலும் மருந்து நெடிக்கும் பழைய போர்வை வாடைக்கும் அடியிலிருந்து, அப்போதுதான் அறுத்த பச்சை மரத்தின் வாசனை மெல்லக் கசிந்து வந்தது. புயலில் சாய்ந்த வாகையில் செய்த கட்டில். அது நடந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை.

"இன்னாம்மா, கட்டிலுக்கு இடுப்பளவு எடுத்துக்கினு இருக்கிற? ஜாக்கெட் தைக்கப் போறியா?" அப்பா பெரியநாயகத்தின் சிரிப்பு இருமலாக உடைந்தது. "தண்ணி குடு பாப்பா. எவ்ளோ குடிச்சாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

சொம்புத் தண்ணீரும் ஒரே மூச்சில் காலியானது. அவருடைய மோதிரம் கழன்று தலையணையில் கிடந்தது. எடுத்து மாட்டிவிட்டாள். விரலில் நிற்கவில்லை.

"நான் போய்ட்டா உங்கள யாருப்பா பாத்துப்பாங்க?"

"அதான் கட்டிலு தாங்கிக்கினு இருக்குதே. நீ ஜல்தியா போய்ப் பேசு."

கூடத்தில் உட்கார்ந்தாள். திரையில் பேராசிரியை ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்.

"ஐந்தும் வறட்சியில் சுருங்குகின்றன. ஆறாவது மட்டும் செழிக்கிறதே, என்ன மரம்?"

கட்டில் கால் என்றால் எல்லாம் போச்சு.

"வாகை," என்றாள். "பொழுது சாய்ந்தால் இலை கூம்பும்."

"அழகு. தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது?"

பதில் சொல்ல வாய் திறந்தாள்.

திரையோரத்தில் கோடு ஏறியது. உள்ளறையில் கட்டில் முனகியது. மறுபடி ஏறியது. மறுபடி முனகல்.

நாற்காலி சாய எழுந்து ஓடினாள்.

"அப்பா?"

பச்சை மர வாசனை மூச்சை அடைத்தது. டிங். எஃகுப் பட்டை அறுந்து சுவரில் மோதியது.

தோளடியில் கை கொடுத்துத் தூக்கினாள். கனமே இல்லை.

முதுகு மட்டும் கட்டிலை விட்டு வரவில்லை.

ஜன்னலில் கடைசி வெளிச்சம். பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அசையாத அவருடைய வலது கை, போர்வைமேல் விரிந்து கிடந்தது. இருட்ட இருட்ட அதன் விரல்கள், விரலோடு விரலாக, மெதுவாகக் கூம்பிக்கொண்டிருந்தன.