வாயை மூடிய ரேடியோ

அந்த வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் கடைசி மணி அடிக்கும்வரை மூடமாட்டாள் அல்லவா, அதனால்! அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பெருமையெல்லாம் புதன்கிழமை காற்றோடு போய்விட்டது.

நோட்டுகளைக் கொடுக்க ஆசிரியர் அறைக்குப் போனவள், உள்ளே தலைமை ஆசிரியையின் குரல் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஒரு மாசமா உங்க வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை நானே வந்து கடைசி பெஞ்சுல உட்காரப் போறேன். அன்னைக்கும் இதே கதைன்னா, நான் வேற டீச்சரைத்தான் பார்க்கணும்."

புதிதாக வந்திருந்த இங்கிலீஷ் டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக உடைத்தார். பிறகு நான்காக.

ரேடியோ நோட்டுகளோடு மெல்லப் பின்வாங்கினாள். பாவம், டீச்சர்! யாரையும் ஒரு வார்த்தை திட்டமாட்டார். பாடத்துக்கான பட அட்டைகளைத் தானே வரைந்து எடுத்து வருவார். அவர் போய்விடுவாரா? அதுவும் சத்தத்தாலா? அந்தச் சத்தத்தில் பாதி அவளுடையதாயிற்றே!

ஆனால் அது அரட்டை இல்லை. பாட நேரத்தில் டீச்சர் இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். ஜோடியாக உட்காருங்கள், அட்டையை எடுங்கள், ஒருவர் கேளுங்கள், மற்றவர் பதில் சொல்லுங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். ஒருவருக்கும் பிடிபடாது. உடனே வகுப்பே ரேடியோ பக்கம் திரும்பும்.

"ஏய், என்ன சொன்னாங்க? என்ன செய்யணுமாம்?"

அரைகுறையாகப் புரிந்ததை அவள் சொல்வாள். சத்தம் கேட்டு டீச்சர் பதறிப்போய், அதையே இன்னும் வேகமாகச் சொல்வார். போன வாரம் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றியும் பார்த்தார். அவ்வளவுதான், கடைசி பெஞ்சுக்காரர்கள் அங்கிருந்தே கத்திக் கேட்க ஆரம்பித்தார்கள்!

அன்று மாலை அவள் அம்மா வேலை செய்யும் அச்சகத்துக்குப் போனாள். இயந்திரங்கள் தடதடவென்று ஓடின. அம்மா உள்ளங்கையை உயர்த்தினார். வேலையாட்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்த பிறகுதான் விரலைச் சுழற்றினார். காகிதக் கட்டு மாறியது. அது முடிந்ததும் கையை மெல்லத் தாழ்த்தினார். இயந்திரத்தின் வேகம் குறைந்தது. முதல் தாள் வெளியே வந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். அச்சு அருமை என்று அர்த்தம்.

இயந்திரம் நின்றதும் ரேடியோ கேட்டாள். "எப்படிம்மா வாயே திறக்காம இத்தனை பேரைச் சமாளிக்கிறே?"

"திறந்தா மட்டும் இந்தச் சத்தத்துல கேட்கவா போகுது? நீ இங்கே வேலைக்கு வந்தா ஒரே நாள்ல ஓடிடுவே!"

அம்மா சிரித்தார். ரேடியோ சிரிக்கவில்லை. அவள் மனம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் இடைவேளையில் டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், நாங்க அரட்டை அடிக்கலை. நீங்க சொல்றது புரியாம ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிறோம்."

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அட கடவுளே! உங்களுக்கெல்லாம் என்னைப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன்!"

"பிடிக்காமலா? உங்களுக்காக நான் என் வாயையே மூடிக்குவேன் டீச்சர்!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. ரேடியோ அச்சகத்து ஜாடைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். "எல்லாரும் பார்த்த அப்புறம்தான் அடுத்தது, டீச்சர். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான்." அன்றைய பாட நேரம் முழுக்க வகுப்பே ஜாடை பழகியது.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார். பயத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. பழையபடி இங்கிலீஷ் மடமடவென்று கொட்டியது. வகுப்பில் முணுமுணுப்பு கிளம்பியது. முப்பது தலைகள் ரேடியோ பக்கம் திரும்பின.

ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதல் பெஞ்சிலிருந்தபடியே, டீச்சரைப் பார்த்துக் கையை மெல்லத் தாழ்த்தினாள்.

வேகத்தைக் குறைங்க.

டீச்சர் சட்டென்று நிறுத்தினார். மூச்சை இழுத்துவிட்டார். உள்ளங்கையை உயர்த்தினார். முணுமுணுப்பு அடங்கியது. இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டி, ஒரே ஒரு சிறிய இங்கிலீஷ் வாக்கியம் சொன்னார். எல்லோரும் ஜோடியானார்கள். பிறகு அட்டை. பிறகு கேள்வி. யாரும் யாரையும் 'என்ன சொன்னாங்க?' என்று கேட்கவில்லை. எல்லோரும் பேசினார்கள், ஆனால் பாடத்தைத்தான் பேசினார்கள்.

பிள்ளைகள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதற்குள் தலைமை ஆசிரியை எழுந்து, "பரவாயில்லையே, நான் என்ன சொல்றேன்னா..." என்று உரக்க ஆரம்பித்தார்.

டீச்சரின் உள்ளங்கை பழக்கதோஷத்தில் தானாக உயர்ந்தது. தலைமை ஆசிரியை டக்கென்று வாயை மூடிக்கொண்டார்!

டீச்சரின் முகம் வெளுத்தது. தலைமை ஆசிரியைதான் முதலில் சிரித்தார். "என்னையே அடக்கிட்டீங்களே! இனிமே இந்த வகுப்பு உங்க பொறுப்புதான்." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

டீச்சர் ரேடியோவைப் பார்த்தார். நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

ரேடியோ பதில் சொல்ல எழுந்து வாயைத் திறந்தாள். என்ன ஆச்சரியம், பேச்சே வரவில்லை! அவளும் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.